இலையைப் புரட்டுங்கள்: டோபி காட்டில் ஒரு காலை

டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் மூன்று ரயில் தடங்கள் கூடுகின்றன. மின்படி ஏறி மேலே வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படியே பிளாசா சிங்கப்பூராவுக்குள் நழுவிவிடுவார்கள். இந்த அத்தியாயம், மரங்கள் இருக்கும் பக்கமாகத் திரும்புகிறவருக்கு.

டோபி என்றால் துணி வெளுப்பவர், காட் என்றால் நீர்த்துறை. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளிகள் இங்கே ஓடிய ஓடையில் துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். ஓடை கால்வாயாகிச் சாலைக்கு அடியில் போய்விட்டது. பெயர் மட்டும் ரயில் பலகையில் தங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தாரும் தென்தமிழ்நாட்டுச் சில ஊர்க்காரர்களும் வண்ணத்துப்பூச்சியை வண்ணாத்திப்பூச்சி என்பார்கள். கறுப்பும் வெள்ளையுமாக வாலைத் தூக்கிப் பாடும் ஒரு குருவிக்கும் வண்ணாத்திக்குருவி என்று பேர். சிங்கப்பூர்ப் பூங்காக்களில் அதுவும் உண்டு. ஆக, வண்ணார் துறையில் வண்ணாத்தி தேட வந்திருக்கிறோம். பொருத்தம் தற்செயல்தான், ஆனால் இடம் மறக்காது.

“வண்ணத்துப்பூச்சி பார்க்க நகரத்துக்கு நடுவில் ஏன் நிற்க வேண்டும், காட்டுக்குப் போகலாமே?” என்று கேட்பீர்கள். போகலாம். சிங்கப்பூரில் பதிவான வகைகள் 300க்கு மேல். அவற்றில் அரியவை எல்லாம் தீவின் நடுவே உள்ள நீர்ப்பிடிப்புக் காட்டிலும் புக்கிட் தீமாவிலும்தான். ஆனால் காட்டில் முதல் நாள் நிற்கிறவருக்குப் பத்து மீட்டர் உயரத்தில் ஏதோ ஒன்று பறந்து மறைவது மட்டும் தெரியும். பழகுகிறவருக்கு நல்லது, இலை கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும் இடம். இஸ்தானா பூங்கா, டோபி காட் கிரீன், பின்னால் ஃபோர்ட் கேனிங் குன்று: மூன்றையும் சேர்த்து நடந்தாலும் ஒரு காலைக்குள் முடிந்துவிடும்.

நான் சொல்லித்தரும் முறை ஒன்றே ஒன்று. பறப்பதைத் துரத்தாதீர்கள், செடியை அடையாளம் கண்டு, இலையைப் புரட்டிப் பாருங்கள். தாய்ப்பூச்சி கண்ட செடியில் எல்லாம் முட்டை இடாது. ஒவ்வொரு வகைக்கும் இன்ன செடி என்று கணக்கு உண்டு. தன் குஞ்சு தின்னும் செடியா என்று முன்னங்காலால் இலையைத் தட்டிச் சுவை பார்த்துவிட்டுத்தான் இடும். எனவே செடி தெரிந்தால் புழு பாதி தெரிந்த மாதிரி. இதில் தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்கு ஒரு சலுகை இருக்கிறது. கறிவேப்பிலை, எலுமிச்சை, எருக்கு, கொன்றை, வாழை, அரளி, பட்டை: நம் சமையலறையிலும் பூசையிலும் புழங்கும் செடிகள்தான் இந்த ஊர்ப் புழுக்களுக்கும் சோறு. வெள்ளைக்காரர் எழுதிய பழைய கையேடுகளில் லத்தீனில் திணறும் இடத்தை நாம் மூக்காலேயே கடந்துவிடலாம்.

எப்போது போவது

காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. வண்ணத்துப்பூச்சி தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாத பிராணி. வெயில் ஏறி, சிறகை விரித்துக் காய்ந்தபின்தான் கிளம்பும். அந்தக் காயும் நேரம்தான் படம் எடுக்க வாய்ப்பு. நண்பகலுக்குப் பிறகு எல்லாம் நிழலுக்குப் போய்விடும். முதல் நாள் மழை பெய்து மறுநாள் காலை பளிச்சென்று விடிந்தால் வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை விடாமல் ஊற்றும் வாரங்களில் வெறுங்கையோடு திரும்பத் தயாராக இருங்கள்.

புழுவுக்கு இந்த நேரக் கணக்கு கிடையாது. மப்பும் மந்தாரமுமான நாளிலும் அது இலைக்கடியில் இருக்கும். நான் இலையைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கையில் தண்ணீர்ப் போத்தல், தொப்பி, பத்து மடங்கு காட்டும் மடக்கு லென்ஸ், கைப்பேசி. வலை வேண்டாம். பூங்காக்களில் பூச்சி பிடிக்கவோ இலை பறிக்கவோ அனுமதி இல்லை. தேசியப் பூங்காக் கழகத்தின் விதி அது.

கடிபட்ட இலையைப் படிப்பது

இலையில் ஓட்டை இருந்தால் உடனே குதூகலிக்க வேண்டாம். நடுவில் பொட்டுப் பொட்டாகத் துளைத்திருந்தால் பெரும்பாலும் வண்டு. பளபளவென்று கோடு காய்ந்திருந்தால் நத்தை. வண்ணத்துப்பூச்சிப் புழு பெரும்பாலும் ஓரத்திலிருந்து அரைவட்டமாக வெட்டிக்கொண்டு உள்ளே வரும். வெட்டின விளிம்பைப் பாருங்கள்: பழுப்பேறிக் காய்ந்திருந்தால் ஆள் போய் நாளாகிவிட்டது, பச்சையாக ஈரமாக இருந்தால் இங்கேதான் எங்கோ இருக்கிறது. அடுத்து, கீழ் இலைகளைப் பாருங்கள். மிளகை உடைத்துப் போட்டது போல் எச்சம் கிடக்கும். எச்சத்துக்கு நேர் மேலே நிமிர்ந்தால் புழு. இந்தச் சின்ன வித்தை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை. ஃபோர்ட் கேனிங்கில் புல் வெட்ட வந்த ஓர் ஊழியர் சொன்னார். “மேல தேடாதீங்க அண்ணே, கீழ பாருங்க.”

புழுவா, புழு மாதிரி வேறொன்றா என்று சந்தேகம் வந்தால் கால்களை எண்ணுங்கள். முன்பக்கம் மூன்று இணை உண்மைக் கால்கள், நடுவிலும் வாலிலும் சதைப்பற்றான போலிக் கால்கள் ஐந்து இணை வரை. ஐந்துக்கு மேல் போனால் அது குளவி உறவில் வரும் வேறு பூச்சியின் புழு.

இன்னொன்று: மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சியைத் தொடாதீர்கள். பனை, தென்னை வகை இலைகளில் ஒட்டிக்கொண்டு, பச்சையாக, முள் முடிச்சுகளோடு தட்டையாக ஒன்று இருக்கும். அது ஒருவகை அந்துப்பூச்சியின் புழு; பட்டால் தீச்சுட்டது போல எரியும். பட்டுவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் நாடாவை அழுத்தி உரித்து, முள்ளை எடுத்துவிட்டுச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

கறிவேப்பிலை

இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நிலையத்திலிருந்து வடக்கே ஒரு நிறுத்தம் போனால் லிட்டில் இந்தியா. அங்கே தேக்கா சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் கறிவேப்பிலையில் ஒன்றும் கிடைக்காது. ஒருமுறை கடைக்காரரிடம் பூச்சி கடித்த இலை இருக்கிறதா என்று கேட்டேன். “நல்ல எலையே இருக்குதே, ஏன் கெட்டதக் கேக்குறீங்க?” என்று கவலையோடு பார்த்தார். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி நடைவழித் தொட்டிகளிலும் சமூகத் தோட்டங்களிலும் வளர்வதைத்தான் நம்ப வேண்டும்.

கறிவேப்பிலைச் செடிக்கு வருவது, ஆங்கிலத்தில் காமன் மோர்மன் எனப்படும் கறுப்புப் பூச்சி. ஊரில் அதற்குக் கறிவேப்பிலை அழகி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தாய் வந்து உட்காராது. சிறகடித்தபடியே வயிற்றை வளைத்து, குருத்தில் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். வெளிர்மஞ்சள், கசகசாவை விடக் கொஞ்சம் பெரிய உருண்டை. மூன்று நான்கு நாளில் பொரியும்.

பொரிந்து வருவதைப் பார்த்தால் புழு என்றே சொல்லமாட்டீர்கள். பழுப்பும் கறுப்புமாய், நடுவில் வெள்ளைத் திட்டோடு, இலையின் மேற்புறத்திலேயே துணிச்சலாகக் கிடக்கும். காக்கை எச்சம். அதுதான் வேஷம். எந்தப் பறவையும் எச்சத்தைக் கொத்தாது. நான்கு முறை தோலுரிக்கும். முதல் மூன்று உரிப்பு வரை எச்ச வேஷம்தான். நான்காவது உரிப்பில், ராத்திரி பழுப்பாகப் படுத்தது காலையில் பச்சையாக எழுந்திருக்கும். கழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு கண்கள் முழிக்கும். அவை கண்களே அல்ல, வரைந்த பொட்டுகள். உண்மைத் தலை அதற்கும் கீழே, கூன் போட்டு மடங்கியிருக்கும்.

இப்போது புல் நுனியால் முதுகை லேசாகத் தொடுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு மாதிரி சிவப்பாக ஒரு கவை விருட்டென்று நீண்டு உள்ளே போகும். கூடவே ஒரு நெடி. அழுகிய எலுமிச்சையும் வெண்ணெய்க் காறலும் கலந்த மாதிரி. எறும்பையும் குளவியையும் விரட்ட அது. ஒருமுறை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் சீண்டாதீர்கள். அந்தக் கவை இருந்தால் உங்கள் கையில் இருப்பது அழகிகள் குடும்பத்துப் புழு என்று உறுதி. வேறு எந்தக் குடும்பத்துக்கும் அது கிடையாது.

எலுமிச்சைச் செடியிலும் இதே மாதிரிப் புழு இருக்கும். அது கறிவேப்பிலை அழகியாகவும் இருக்கலாம், எலுமிச்சை அழகியாகவும் இருக்கலாம். இரண்டும் எலுமிச்சையைத் தின்னும். புழுவாக இருக்கும்போது பிரித்தறியப் பழக்கம் வேண்டும். அவசரப்படாதீர்கள். கூடு பிரிந்து வந்தால் சந்தேகமே இல்லை: கறுப்பில் மஞ்சள் கட்டங்கட்டமாகத் தெளித்திருந்தால் எலுமிச்சை அழகி.

இஸ்தானா பூங்காவிலிருந்து குன்று வரை

முதலில் இஸ்தானா பூங்கா. அதிபர் மாளிகையின் வாயிலுக்கு நேரெதிரே, ஆர்ச்சர்ட் சாலைக்கு இந்தப் பக்கம். சாலையின் பெயரே தோட்டங்களால் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே சாதிக்காய்த் தோப்புகள் இருந்தன, நோய் விழுந்து அழிந்தன. இன்று நடுச்சாலை வரை செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். சிங்கப்பூர் இயற்கைச் சங்கமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து ஆர்ச்சர்ட் சாலை நெடுகிலும் வண்ணத்துப்பூச்சித் தடம் ஒன்றையே அமைத்தார்கள்.

பூச்செடி வரிசைகளில் நின்று பாருங்கள். இட்லிப்பூ, உன்னிப்பூ, முக்கியமாக நீலப் பூக்கள் நீளக் கதிரில் வரும் சீமை நாயுருவி. ஒரே ஒரு செடியின் முன்னால் அரை மணி நேரம் நிற்கச் சொன்னால் நான் சீமை நாயுருவியைத்தான் தேர்ந்தெடுப்பேன். எல்லாம் அதற்கு வரும்.

அலங்காரத்துக்கு வைத்திருக்கும் சைக்காட் செடிகளை விட்டுவிடாதீர்கள். குட்டைப் பனை போலிருக்கும், பனை அல்ல. நடுக்குருத்து புதிதாக விரிந்து, இன்னும் மெத்தென்றிருந்தால் குனிந்து பாருங்கள். எறும்புகள் ஊரும் இடத்தில் அரிசியளவுப் பச்சைப் புழு இருக்கும். அதன் முதுகில் சுரக்கும் இனிப்பை எறும்பு நக்குகிறது. பதிலுக்குக் காவல் இருக்கிறது. விரல் நகத்தளவு நீலப் பூச்சி ஒன்று பக்கத்தில் தாழ்வாகச் சுற்றும். ஓலை முற்றிவிட்டால் நேரத்தை வீணாக்க வேண்டாம், நகருங்கள்.

சாலையோரப் பெருமரங்களில் ஒன்றை அண்ணாந்து பாருங்கள். பச்சைக்கு நடுவே வேறு பச்சையாக, கொத்தாக ஒன்று தொங்கினால் அது புல்லுருவி. பூக்கொத்திக் குருவிகள் பழத்தைத் தின்று, ஒட்டும் விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போவதால் வளர்வது. தோட்டக்காரருக்கு ஆகாது. ஆனால் பெயிண்டட் ஜெசபெல் என்னும் பூச்சி இதைத்தான் தின்று வளர்கிறது. மேற்புறம் வெள்ளை, கறுப்பு நரம்பு. அடிப்புறம் மஞ்சள், ஓரத்தில் குங்குமம் வைத்தது போலச் சிவப்பு. புழுக்கள் கூட்டமாகத் தின்னும். காற்றடித்தால் நூல் விட்டுத் தொங்கும். வழிப்போக்கர் தலையில் பட்டு, அவர் அலறிய பிறகு மரத்தைக் கவனித்த நாட்கள் எனக்கு உண்டு.

டோபி காட் கிரீனில் புல்தரையைப் பாருங்கள். புல் வெட்டும் இயந்திரம் வந்துபோன மறுநாள் ஒன்றும் இருக்காது. இரண்டு வாரம் விட்டுப் போனால் வெட்டுக்காயப் பூண்டு பூத்திருக்கும், மஞ்சள் பூச்சிகள் தரையை ஒட்டி அலையும். பார்க்க எல்லாம் ஒன்றுதான். உட்கார்ந்ததும் முன்சிறகின் அடிப்பக்கத்தை, உடம்புக்குப் பக்கத்திலுள்ள அறையை லென்ஸில் பாருங்கள்: பழுப்புப் பொட்டு இரண்டு இருந்தால் காமன் கிராஸ் யெல்லோ, மூன்று இருந்தால் திரீ ஸ்பாட் கிராஸ் யெல்லோ. புழுவில் இன்னும் எளிது. முதலாவது தனியாக இருக்கும், தலை பச்சை. மூன்று பொட்டுக்காரர் கூட்டமாக, கறுத்த தலையோடு, சாலையோரத்து இயல்வாகை மரத்தின் இலைகளைச் சீப்புச் சீப்பாக மொட்டையடிப்பார். கொன்றையில் வரும் பெரிய வெளிர்மஞ்சள் பூச்சி வேறு. நெட்டையாக, நேராக, வேலைக்குத் தாமதமானவர் போலப் பறக்கும்.

இனி குன்று. ஃபோர்ட் கேனிங் 14ஆம் நூற்றாண்டு அரசர்கள் இருந்த இடம். மலாய்க்காரர்கள் புக்கிட் லாராங்கான் என்றார்கள், போகக் கூடாத மலை. 1822இல் ஆங்கிலேய ஆட்சியாளர் ராஃபிள்ஸ் இங்கே தாவரத் தோட்டம் போட்டு, சாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தார். 1829இல் அது மூடப்பட்டது. அதன் நினைவாக இப்போது ஒரு வாசனைப் பொருள் தோட்டம் இருக்கிறது. நம் ஆட்டம் அங்கேதான்.

பட்டை மரத்துக்கு நேராகப் போங்கள். சிங்கப்பூரில் காட்டுப்பட்டை தானாகவே முளைத்து எங்கும் நிற்கும். இளந்தளிர் இளஞ்சிவப்பாக இருக்கும். இலையைக் கசக்க வேண்டாம், உதிர்ந்ததை முகர்ந்தாலே போதும். தளிரில் இரண்டு பேர் இருப்பார்கள். வழவழப்பான பச்சை உடம்பு, முன்பக்கம் திமில் போலப் புடைத்து, அதன் குறுக்கே மஞ்சள் கோடு ஒன்று: காமன் புளூபாட்டில். கறுத்த உடம்பில் மஞ்சள் பட்டையும் சிவப்புப் பொட்டுமாய், முள்முள்ளாக இருந்தால் காமன் மைம். இரண்டாவதின் கூட்டுப்புழுவைக் கண்டுபிடித்துவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், காப்பி வாங்கித் தருகிறேன். ஒடிந்த குச்சியின் முனை எப்படியிருக்குமோ அப்படியே இருக்கும், பிசிர் வரை. நான் ஒருமுறை அதன்மேல் கை வைத்து நின்றுகொண்டு அதையே தேடியிருக்கிறேன்.

குன்றின் நிழற்பக்கம் பனை வகைகள் இருக்கும் இடத்தில், சிறகை மூடித் தவிட்டு நிறத்தில் உட்கார்ந்திருப்பது பாம்ஃபிளை. ஓலையின் அடியில் பச்சையாக, நீளக் கோடுகளோடு, தலையில் கொம்பும் பின்னால் இரட்டை வாலுமாய் இருப்பது அதன் புழு. ஈரமான மண் தெரியும் இடத்தில் குனிந்து பாருங்கள். ஆண் பூச்சிகள் உப்புக்காக உட்கார்ந்து உறிஞ்சும். புளூபாட்டில் பறக்கும்போது பிடிபடாது, இங்கேதான் நிற்கும்.

எருக்கும் ரோஜா அழகியும்

பிள்ளையாருக்கு மாலை கட்டும் எருக்கு சிங்கப்பூர்த் தோட்டங்களிலும் உண்டு. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களோடு, யாருக்கும் பயப்படாமல் இலை மேல் இருக்கும் புழு வெந்தய வரியனுடையது. அது ஏன் ஒளிவதில்லை என்றால், எருக்கம்பாலின் நஞ்சு அதன் உடம்பில் ஏறியிருக்கிறது. முதுகில் நீண்ட கறுப்பு இழைகள் எத்தனை இணை என்று எண்ணுங்கள். மூன்று இணை இருந்தால் வெந்தய வரியன். உறவினர் சிலருக்கு இரண்டுதான். தின்னுமுன் நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, பிறகு தின்பதையும் பார்க்கலாம். நீங்கள் இலையைத் தொட்ட கையைக் கண்ணில் வைக்காதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே நீங்கள் பழகிய வெந்தய வரியனின் பின்சிறகு ஆரஞ்சு. இங்கே பின்சிறகு வெளுத்ததும் பறக்கும். வேறு இனம் என்று குறித்துவிடாதீர்கள், அதே ஆள்தான்.

ரோஜா அழகியைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். 2019இல் தமிழ்நாடு தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 2015இல், சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் வாக்கெடுப்பு நடத்தி ரோஜா அழகியைத் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்ந்தெடுத்தது. கறுப்புச் சிறகு, பின்சிறகில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் பொட்டுகளும், உடம்பு சிவப்பு. இதன் புழு தின்பது ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை குடும்பத்துக் கொடி. ஆடு தீண்டாததை இது தீண்டுகிறது; அந்த நஞ்சே இதற்குக் கவசம். புழு கருஞ்சிவப்பு, சதை முட்கள், நடுவில் இடுப்புக்கச்சை கட்டியது போல ஒரு வெள்ளைப் பட்டை. ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

குழப்பம் பறக்கும்போது வரும். கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை, நஞ்சே இல்லாமல், ரோஜா அழகியின் சேலையை அப்படியே கட்டிக்கொண்டு திரியும். சிறகைப் பார்த்து ஏமாறுவீர்கள். உடம்பைப் பாருங்கள். உடம்பு சிவப்பென்றால் ரோஜா அழகி, கறுப்பென்றால் வேஷக்காரி. பறக்கும் தோரணையிலும் தெரியும். நஞ்சுள்ளது அவசரமின்றி மிதக்கும். மற்றது வேஷம் போட்டாலும் படபடப்பை விடாது.

கம்பிவேலியில் சிறுபூனைக்காலிக் கொடி படர்ந்திருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். செம்மண் நிறத்தில், சோம்பலாகப் பறக்கும் டானி காஸ்டர் வரலாம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான பூச்சி, மெல்ல மெல்லத் தாய்லாந்து, மலேசியா வழியாக இறங்கி, 2006இல் சிங்கப்பூரில் முதன்முதலாகப் பதிவானது. 2012இல் ஆஸ்திரேலியாவின் டார்வினை எட்டிவிட்டது. வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் இவ்வளவு தூரம் வந்த நம்மூர்க்காரர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

குறிப்பேட்டில் எழுதுவது

சிறகு மூடியும் விரித்தும் இரண்டு படம் எடுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் பல வகைகளைப் பிரிக்கவே முடியாது. உங்கள் நிழல் அதன்மேல் விழாமல், தாழ்ந்து, மெல்ல நெருங்குங்கள். நான்கு காலில் நிற்கிறதா, ஆறு காலில் நிற்கிறதா என்று பாருங்கள். வெந்தய வரியனின் குடும்பத்தார் முன்னங்காலைச் சுருட்டிக்கொண்டு நான்கில் நிற்பார்கள். அழகிகள் ஆறிலும் நிற்பார்கள். உணர்கொம்பின் நுனி தீக்குச்சித் தலை போலத் தடித்திருந்தால் வண்ணத்துப்பூச்சி. கொக்கி போல வளைந்திருந்தால் ஸ்கிப்பர் என்னும் வண்ணத்துப்பூச்சி வகை. இறகு போலவோ நூல் போலவோ இருந்தால் அந்துப்பூச்சி. தேதி, நேரம், எந்தச் செடி, உட்கார்ந்ததா முட்டையிட்டதா. செடியின் பெயரை எழுதாத குறிப்பு பாதிக் குறிப்பு.

வீட்டில் படம் சரிபார்க்க, கியூ சின் கூன் எழுதிய சிங்கப்பூர் வண்ணத்துப்பூச்சிக் களக் கையேடு ஆங்கிலத்தில் உண்டு. தமிழ்ப் பெயர்களுக்கு க்ரியா வெளியிட்ட ஆர். பானுமதியின் அறிமுகக் கையேடு. இங்கே பறப்பவை எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பெயர் இல்லை. இல்லாதவற்றுக்கு நான் அவசரப்பட்டுப் பெயர் கட்டவில்லை. ஆங்கிலப் பெயரைத் தமிழெழுத்தில் வைத்திருக்கிறேன்.

தொட்டியில் ஒன்று

நடந்து பார்த்தது போதாது; ஒன்றையாவது முட்டையிலிருந்து சிறகு வரை பார்த்துவிட வேண்டும். அதற்கு நடைவழியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி போதும். பூங்காவிலிருந்து புழு கொண்டுவராதீர்கள், செடி வைத்தால் தாயே வரும். பத்தாவது மாடிக்கும் வந்திருக்கிறது.

வாங்கின செடியில் உடனே புழு வளர்க்காதீர்கள். முதல் வருடம் ஒரு நாற்றங்காலில் பளபளவென்றிருந்த செடியை வாங்கி வந்தேன். இரண்டே வாரத்தில் முட்டை, பொரிந்து ஏழு புழுக்கள். எட்டாம் நாள் எல்லாம் இலையிலிருந்து தொங்கி, பச்சையாக வாந்தியெடுத்துச் செத்தன. தளிரில் பூச்சிமருந்து இறங்கியிருந்திருக்கிறது. பளபளப்பு அதனால்தான் போலும். அதிலிருந்து, புதுச் செடியென்றால் நன்றாகக் கழுவி, பழைய இலைகளைக் கிள்ளி, புதுத்துளிர் இரண்டு முறை வரும்வரை வலைத்துணி போட்டு வைக்கிறேன்.

பக்கத்து வீட்டு மாச்சிக்கிடம் (மலாய் அத்தையிடம்) முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் செடியைக் காப்பாற்றுவதாக நினைத்துப் புழுவை நசுக்கிவிடுவார். நல்லெண்ணத்தோடு செய்வதால் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

புழு தின்பதை நிறுத்தி, நீராகக் கழிந்து, செடியை விட்டு இறங்கி அலைந்தால் நோய் என்று பதறாதீர்கள். இடம் தேடுகிறது. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். வாலை ஒரு பட்டு முடிச்சில் மாட்டி, முதுகைச் சுற்றி ஒரே ஒரு நூலைக் கட்டி, மின்கம்பத்தில் ஏறியவர் இடுப்புக் கயிற்றில் சாய்ந்து நிற்பது மாதிரிச் சாய்ந்துகொள்ளும். ஒரு நாளில் கூட்டுப்புழு. பச்சைத் தண்டில் பச்சை, காய்ந்த குச்சியில் பழுப்பு. ஒன்பது, பத்து நாள் கணக்கு. பக்கவாட்டில் குண்டூசி முனையளவு ஓட்டை விழுந்து, குட்டிக் குளவிகள் வரிசையாக வெளியேறினால் வருத்தப்படலாம், ஆனால் குளவிக்கும் வாழ்க்கை இருக்கிறது. பாதிக்கு மேல் இப்படிப் போன மாதங்கள் உண்டு.

போகாமல் தப்பினால், கடைசி நாள் ராத்திரி கூடு கறுக்கும். ஓட்டின் வழியாகச் சிறகின் வடிவம் தெரியும். காலை ஏழரை, எட்டுக்கு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். ஓடு விரிந்து, நனைந்த துணிபோலக் கசங்கின சிறகோடு வெளியே வரும். உதவுகிறேன் பேர்வழி என்று ஓட்டைப் பிரிக்காதீர்கள். சிறகு மடங்கியே நின்றுவிடும். தலைகீழாகத் தொங்க இடம் இருந்தால் போதும். பத்து, இருபது நிமிடத்தில் சிறகு நீண்டுவிடும், காய இரண்டு மணி நேரம் ஆகும். மின்விசிறியை நிறுத்திவையுங்கள். நடுவில் செம்பழுப்பாக ஒரு சொட்டுத் திரவம் கீழே விழும். என் மகள் முதல்முறை “அப்பா, ரத்தம்!” என்று அழுதுவிட்டாள். ரத்தம் அல்ல, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.